குவார்ட்ஸ் சமையல் மேடை: கல்லைவிடப் பசையைக் கவனியுங்கள்

சிங்கப்பூரில் பிடிஓ வீட்டுச் சாவி, அதாவது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டித்தரும் புது வீட்டின் சாவி, கைக்கு வந்து, புதுப்பிப்பு வேலைக்கு ஆள் பார்க்கத் தொடங்கியதுமே இந்தக் கேள்வி வந்துவிடும்: சமையல் மேடைக்கு என்ன கல் போடுவது? குத்தகையாளர் உள்ளங்கை அளவுச் சதுரங்கள் அடுக்கிய பெட்டியைத் திறப்பார். வெள்ளை, சாம்பல், பளிங்கு ரேகை ஓடியவை என்று வரிசையாக இருக்கும். "எல்லாம் குவார்ட்ஸ். கறை படியாது, கீறல் விழாது, சூடு தாங்கும்" என்பார். இந்த மூன்றில் கீறல் பற்றிச் சொன்னது பெரும்பாலும் சரி. கறை பற்றிச் சொன்னது பாதி சரி. சூடு பற்றிச் சொன்னதை நம்பினால் மேடை போய்விடும். ஏன் என்று புரிய, அந்தக் கல் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் போதும்.

குவார்ட்ஸ் மேடை மலையில் வெட்டியெடுத்த பாறை இல்லை. குவார்ட்ஸ் கனிமத்தைத் தூளாகவும் சிறு மணிகளாகவும் நொறுக்கி, பாலியெஸ்டர் ரெசின் என்ற பசையும் நிறமியும் சேர்த்துப் பிசைந்து, காற்றை உறிஞ்சியெடுத்த நிலையில் அதிரவைத்து அழுத்துகிறார்கள். பிறகு சுமார் 80, 90 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்தால் ரெசின் இறுகிப் பலகையாகிவிடும். இந்த முறையை உருவாக்கியது இத்தாலியின் பிரெட்டன் நிறுவனம். 1987இல் இஸ்ரேலில் தொடங்கிய சீசர்ஸ்டோனும், 1990இல் ஸ்பெயினின் கொசென்டினோ கொண்டுவந்த சைல்ஸ்டோனும் அதை வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தன. இப்போது சீனா, வியட்நாம், இந்தியா எங்கும் தொழிற்சாலைகள் இருக்கின்றன.

எடையில் ஏறக்குறைய 90 விழுக்காடு குவார்ட்ஸ், மீதி ரெசின். கடைக்காரர் சொல்லும் "93 விழுக்காடு இயற்கைக் கல்" என்பது இந்த எடைக் கணக்குதான். ஆனால் ரெசின் குவார்ட்ஸைவிட இரண்டு மடங்குக்கும் மேல் லேசானது. எடையில் பத்தில் ஒரு பங்கு என்றால், இடத்தை அடைப்பதில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. கடலை மிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள்: கடலை எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் பாகு இளகினால் மிட்டாய் நிற்காது.

கல்லின் பங்கால் கிடைப்பது என்ன? கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் குவார்ட்ஸின் கடினம் 7. கத்தியின் எஃகு பொதுவாக அதற்குக் கீழே. எனவே மேடைமேல் நேரடியாக வெங்காயம் நறுக்கினால் கத்திதான் மழுங்கும். மேடையில் சாம்பல் நிறக் கோடு ஒன்று தெரியலாம். அது கீறல் இல்லை, கத்தியிலிருந்து ஒட்டிக்கொண்ட உலோகம். தேய்ப்புப் பொடி போட்டு மெல்லத் துடைத்தால் போய்விடும். புளிக்கரைசல், எலுமிச்சைச் சாறு, வினிகர் எதுவும் குவார்ட்ஸை அரிக்காது. பளிங்கு கால்சியம் கார்பனேட் என்பதால் ஒரு சொட்டு எலுமிச்சைக்கே மங்கிவிடும். மேலும் இதில் துளைகள் கிட்டத்தட்ட இல்லை. கருங்கல் மேடைக்கு அவ்வப்போது துளைகளை அடைக்கும் சீலர் பூச வேண்டியிருக்கும். இதற்கு அந்த வேலை இல்லை.

குறைகள் எல்லாம் பசையின் பங்கு.

சூடு

ரெசின் சுமார் 150 டிகிரியைத் தாண்டினால் நிறம் மாறத் தொடங்கும். வெள்ளைக் கல்லில் மஞ்சள் அல்லது பழுப்பு வளையமும், கறுப்புக் கல்லில் வெளிறிய வட்டமும் தெரியும். பசையே வெந்து மாறிவிடுவதால் அதைத் தேய்த்து எடுக்க முடியாது. நம் சமையலில் 150 டிகிரி பெரிய விஷயமில்லை. தோசை வார்க்கும் இரும்புக் கல் 200 டிகிரியைத் தொடும். முறுக்குச் சட்டியில் எண்ணெய் 170, 180இல் இருக்கும். சட்டியின் அடி அதைவிடச் சூடு. குக்கருக்குள் நீராவி 120 டிகிரிதான் என்றாலும், தீயிலிருந்து அப்போதுதான் இறக்கிய குக்கரின் அடிப்பக்கம் அதைவிட அதிகமாக இருக்கக்கூடும்.

நிறமாற்றத்தைவிட மோசமானது விரிசல். சட்டி வைத்த இடம் மட்டும் சூடேறி விரியும், சுற்றியுள்ள கல் குளிர்ச்சியாகவே இருக்கும். இந்த இழுபறியில் எங்கே பலம் குறைவோ அங்கே கல் விட்டுக்கொடுக்கும். அடுப்பு பதிக்க வெட்டிய ஓட்டையின் மூலைதான் பெரும்பாலும் அந்த இடம். "நான் அங்கே எதையும் வைக்கவில்லையே, மூலையில் எப்படி வெடித்தது?" என்று பலர் கேட்பதன் காரணம் இதுதான். சூடு பட்டது ஓரிடம், வெடித்தது வேறிடம்.

எனவே குவார்ட்ஸ் போட்ட வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் கால் வைத்த எஃகுத் தாங்கியோ தடித்த மரப்பலகையோ எப்போதும் இருக்க வேண்டும். ஊரில் இருந்து வந்த பிரிமணை இருந்தால் இன்னும் நல்லது. மெல்லிய துணி போதாது. ஏர் ஃபிரையர், கையடக்க இண்டக்‌ஷன் அடுப்பு போன்றவை ஒரே இடத்தில் மணிக்கணக்கில் சூட்டை ஊட்டும். அவற்றின் அடியிலும் பலகை வையுங்கள். இட்லிப் பானை, பெரிய அண்டா போன்ற அகலப் பாத்திரங்கள் ஹாப்பின் (மேடையில் பதித்த அடுப்பின்) விளிம்பைத் தாண்டி மேடைமேல் நீண்டால், கீழே இருந்து பக்கவாட்டில் வரும் தீ நேரே கல்லில் படும். வீட்டில் பெரிய பாத்திரம் புழங்கும் என்றால், பர்னர்கள் ஓரத்தை ஒட்டாமல் தள்ளி இருக்கும் அகலமான ஹாப்பாக எடுங்கள்.

வெயில், ரசாயனம், மஞ்சள்

புற ஊதாக் கதிர் பட்டால் ரெசின் நாளடைவில் மஞ்சளாகும். மேற்குப் பார்த்த சன்னலுக்குக் கீழே, மாலை வெயில் அடிக்கும் இடத்தில் பால் வெள்ளைக் குவார்ட்ஸ் போடுவதை யோசித்துச் செய்யுங்கள். சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்துக்கு, தரைவீட்டின் வெளிப்புறச் சமையல்கட்டுக்கு, பால்கனிக்கு இது வேண்டவே வேண்டாம். பெரும்பாலான உத்தரவாத அட்டைகளில் வெளிப்புறப் பயன்பாடு விலக்கப்பட்டிருக்கும்.

ரசாயனத்தில் மூன்றை நினைவில் வையுங்கள்: அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடா, பெயின்ட் உரிக்கும் திரவம், தின்னர். காஸ்டிக் சோடாவை சிங்க் குழாயில் கொட்டும்போது நாலு துகள் ஓரத்தில் சிந்தி, அதன்மேல் ஈரமும் சேர்ந்து இரவெல்லாம் கிடந்தால் காலையில் அந்த இடம் சொரசொரப்பாகவோ வெளிறியோ இருக்கும். தின்னர் ஆபத்து குடியேறும் முன்பே வருவது. மேடை பொருத்திய பிறகு பெயின்ட் வேலை மிச்சம் இருந்தால், பெயின்டர் தன் டப்பாவை வைக்கத் தேடும் முதல் தட்டையான இடம் உங்கள் மேடைதான். அட்டை விரித்து டேப் போட்டு மூடச் சொல்லுங்கள்.

மஞ்சளைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது. எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் கரையும். அது கல் மணியில் ஒட்டாது, மணிகளுக்கு இடையிலுள்ள ரெசினில்தான் பிடிக்கும். தாளித்த எண்ணெயோடு சிந்திய மஞ்சளை உடனே துடைத்தால் ஒன்றுமில்லை. ஒரு இரவு விட்டால் வெளிர் கல்லில் மஞ்சள் நிழல் நிற்கும். பாத்திரம் கழுவும் திரவத்தால் முதலில் எண்ணெய்ப் பசையை எடுங்கள். பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பில் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து, அடுப்பு அணைந்திருக்கும்போது, ஒரே திசையில் ஒற்றித் துடையுங்கள். காரத்தன்மை கொண்ட அடுப்புக் கிளீனரைத் தெளித்தால் மஞ்சள் கறை செம்பழுப்பாக மாறுவதைப் பார்ப்பீர்கள். சுண்ணாம்பும் மஞ்சளும் சேர்ந்தால் குங்கும நிறம் வருவதும் இதே வேதியியல்தான். பயந்து இன்னும் அழுத்தித் தேய்த்தால் பளபளப்பு போய்விடும்.

மேற்பரப்பும் இதில் கணக்கு. பளபளப்பாக மெருகிட்ட கல்லைத் துடைப்பது எளிது. மேட், தோல் போன்ற சொரசொரப்பு என்று வருபவை படத்தில் அழகாக இருக்கும், ஆனால் கைரேகை, எண்ணெய், மஞ்சள் எல்லாம் அந்த நுண்பள்ளங்களில் தங்கும். தினமும் தாளிக்கும் வீட்டுக்கு மெருகிட்டதே போதும். நிறத்தில், சிறு புள்ளிகள் இறைந்த நடுத்தரச் சாம்பலும் பழுப்பும்தான் அதிகம் மன்னிப்பவை. ஒரே நிறக் கறுப்பில் காய்ந்த தண்ணீர்ச் சொட்டும் அரிசிமாவும் பளிச்சென்று தெரியும். ஒரே நிற வெள்ளையில் மற்ற எல்லாமே தெரியும்.

குவார்ட்ஸ் என்று சொல்லி வேறொன்று

பளிங்குத் துண்டுகளை ரெசினில் சேர்த்துச் செய்த பலகைகளும் சந்தையில் உண்டு. தரைக்கும் குளியலறைச் சுவருக்கும் அவை பரவாயில்லை. சமையல் மேடைக்கு ஆகாது, ஏனென்றால் புளியும் எலுமிச்சையும் அரிக்கும். மாதிரித் துண்டை வீட்டுக்கு வாங்கி வந்து சோதியுங்கள். முன்பக்கத்தில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டு, அரை மணி நேரம் கழித்துக் கழுவி, விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். சொட்டு இருந்த இடம் மங்கியிருந்தால் அது குவார்ட்ஸ் இல்லை. அதே துண்டில் மஞ்சள் கலந்த எண்ணெயையும் ஒரு இரவு வைத்துப் பார்க்கலாம். ஓரத்தில் வீட்டுச் சாவியால் அழுத்திக் கோடு போட்டு, அது உள்ளிறங்கிய கீறலா வெறும் உலோகக் கோடா என்றும் பாருங்கள். இந்தச் சோதனைகளுக்கு மாதிரி தர மறுப்பவரிடம் வாங்காமல் இருப்பது நல்லது.

ரேகை ஓடிய கல்லை எடுத்தால் பக்கவாட்டு வெட்டையும் காட்டச் சொல்லுங்கள். சில வகைகளில் ரேகை கல்லின் ஊடே போகும், சிலவற்றில் மேற்பரப்போடு நின்றுவிடும். பின்னதில் முன்விளிம்பு வெறுமையாகத் தெரியும். சிறு சதுரத்தை மட்டும் பார்த்து ரேகைக் கல்லைத் தேர்ந்தெடுப்பது சூதாட்டம். முழுப் பலகையையும் கண்ணால் பாருங்கள். ஒரே குறியீட்டு எண்ணாக இருந்தாலும் வேறு வேறு தொகுதியில் வந்த பலகைகளின் நிறம் சற்றே மாறும். உங்கள் மேடைக்கு இரண்டு பலகை தேவைப்பட்டால் இரண்டும் ஒரே தொகுதி எண்ணாக இருக்கட்டும்.

மற்ற தெரிவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கருங்கல் சூட்டையும் வெயிலையும் தாங்கும், ஆனால் சீலர் கேட்கும், நிறங்களும் குறைவு. சின்டர்ட் ஸ்டோன் எனப்படும், பீங்கான்போல் மிக உயர் வெப்பத்தில் சுட்ட பலகையில் ரெசின் கிடையாது. எனவே சூடும் வெயிலும் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் விளிம்பில் இரும்புச் சட்டி இடித்தால் சில்லு போகும், வெட்டத் தெரிந்த கை வேண்டும், விலையும் கூடுதல். அக்ரிலிக் வகைச் சாலிட் சர்ஃபேஸில் இணைப்பே தெரியாது, கீறலைத் தேய்த்து எடுக்கலாம், ஆனால் சூடு குவார்ட்ஸைவிடக் குறைவாகவே தாங்கும். தினமும் மூன்று வேளை அடுப்பெரிந்து, இரும்புச் சட்டியை இறக்கி வைக்கும் பழக்கம் மாறாது என்ற வீட்டில், அடுப்பு இருக்கும் பக்கத்துக்குக் கருங்கல்லோ சின்டர்ட் ஸ்டோனோ போட்டு, சிங்க் பக்கத்துக்குக் குவார்ட்ஸ் போடுவதுதான் எங்கள் தேர்வு. இரண்டும் ஒரே கல்லாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

தடிமன், எடை, அடிக்கணக்கு

சிங்கப்பூரில் வீவக வீட்டு மேடைக்கு 15 மில்லிமீட்டர் பலகைதான் அதிகம் புழங்குகிறது. 20 மில்லிமீட்டரும் கிடைக்கும். முன்னால் இருந்து பார்க்கும்போது 40 மில்லிமீட்டர் தடிமனாகத் தெரிவது பெரும்பாலும் முன்விளிம்பில் 45 டிகிரியில் சாய்த்து ஒட்டிய பட்டைதான். அது தோற்றத்துக்கு மட்டும். மேடையின் நடுப்பகுதி 15தான். விலைப்புள்ளியில் "40 மி.மீ." என்று இருந்தால் அது பலகையின் தடிமனா விளிம்பின் உயரமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

15 மில்லிமீட்டர் பலகை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 36 கிலோ. 2.4 மீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட துண்டு 52 கிலோ. அதுவே 20 மில்லிமீட்டர் என்றால் 69 கிலோ. இதை மின்தூக்கியில் செங்குத்தாக நிறுத்திக் கொண்டுவர வேண்டும். பழைய புளோக்குகளின் மின்தூக்கிக் கதவும் உட்கூரையும் எவ்வளவு நீளத்தை அனுமதிக்கும் என்பதை முதலிலேயே அளந்து சொல்லுங்கள். மேடையில் இணைப்பு எங்கே வரும் என்பதைப் பல வீடுகளில் தீர்மானிப்பது மின்தூக்கிதான்.

விலை "ஃபுட் ரன்" கணக்கில் வரும். மேடையின் நீளத்தை அடியில் அளந்து, அகலம் இரண்டு அடி என்று வைத்துச் சொல்லும் விலை அது. எல் வடிவ மேடையில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒரு சுவர் 9 அடி, மற்றது 6 அடி என்றால் கூட்டினால் 15 வரும். ஆனால் மூலையிலுள்ள 2 அடிச் சதுரம் இரண்டு பக்கமும் எண்ணப்பட்டிருக்கிறது. உண்மையில் போடப்படும் கல் 13 அடிதான். அடிக்கு 100 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 200 வெள்ளி வித்தியாசம். மூலையை இருமுறை எண்ணுவது சிலரின் வழக்கமாகவே இருக்கிறது. அதில் தவறில்லை, ஆனால் இரண்டு விலைப்புள்ளிகளை ஒப்பிடும்போது இருவரும் ஒரே மாதிரி எண்ணியிருக்கிறார்களா என்று பாருங்கள். சிங்க் வெட்டு, ஹாப் வெட்டு, சுவரோரப் பட்டை, பழைய மேடையை உடைத்து அகற்றுவது, 9 விழுக்காடு ஜிஎஸ்டி ஆகியவை உள்ளே அடங்குமா என்பதையும் கேளுங்கள்.

அகலத்தையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பலகை ஏறக்குறைய 3 மீட்டர் நீளம், 1.4 மீட்டர் அகலம் என்றால், அதில் 60 சென்டிமீட்டர் அகலத் துண்டுகள் இரண்டு கிடைக்கும். மீதியுள்ள 20 சென்டிமீட்டரில் முன்விளிம்புப் பட்டையும் சுவரோரப் பட்டையும் வெட்டலாம். மேடையை 72 சென்டிமீட்டர் ஆழமாகக் கேட்டால் ஒரு பலகையில் ஒரு துண்டுதான் வரும். பெரிய கிரைண்டர் வைக்கக் கொஞ்சம் ஆழம் வேண்டும் என்று தொடங்கும் ஆசை, கல்லின் செலவைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கி முடிவது இப்படித்தான். 1.6 மீட்டர் அகலப் பெரிய பலகை அதே நிறத்தில் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கே வெடிக்கிறது

நல்ல கல் கெட்ட வெட்டில் வீணாவதுதான் அதிகம். சிங்க், ஹாப் ஓட்டைகளின் உள்மூலை வட்டமாக இருக்க வேண்டும். குறைந்தது 10 மில்லிமீட்டர் ஆரம் இருக்கட்டும். சரியான முறை, முதலில் நான்கு மூலையிலும் துளை போட்டு, பிறகு துளைக்குத் துளை அறுப்பது. அவசரக்காரர் வட்ட ரம்பத்தை மூலை வரை ஓட்டிவிடுவார். ரம்பம் வட்டமாக இருப்பதால் மூலையைத் தாண்டி மெல்லிய வெட்டு ஒன்று இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு உள்ளே போய்விடும். ஹாப்பின் சட்டம் அதை மறைத்துவிடும். சில மாதம் சூடேறி ஆறி, ஒரு நாள் அந்த நுனியில் இருந்தே விரிசல் ஓடும். பொருத்தும் நாளில், ஹாப்பை வைப்பதற்கு முன், ஓட்டையின் நான்கு மூலைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். கூர்மையோ, தாண்டிய வெட்டோ இருந்தால் அப்போதே நிறுத்துங்கள். ஹாப்பின் உடல் கல்லைத் தொடாமல் சுற்றிலும் சில மில்லிமீட்டர் இடைவெளியும் வேண்டும்.

சிங்குக்கு முன்னும் பின்னும் மிஞ்சும் குறுகிய பட்டைதான் மேடையிலேயே மிகப் பலவீனமான இடம். பின்பட்டையில் குழாய்க்காக 35 மில்லிமீட்டர் துளையும் விழுகிறது. துளைக்கும் சிங்க் வெட்டுக்கும் இடையே 4, 5 சென்டிமீட்டராவது கல் மிஞ்ச வேண்டும். பெரிய சிங்க் வாங்கிவிட்டு, குழாயைச் சுவரோடு ஒட்டித் திணிப்பதைவிட ஒரு அளவு சிறிய சிங்க் வாங்குவது மேல். அடியில் பொருத்தும் சிங்கைச் சிலிக்கோன் மட்டும் தாங்காது. அலமாரியின் பக்கங்களில் இருந்து சட்டம் கொடுத்துத் தாங்க வேண்டும். தண்ணீரோடு பெரிய அண்டா உட்காரும் சிங்க் அல்லவா.

இணைப்பு சிங்க் மீதோ ஹாப் மீதோ வரக்கூடாது. வெட்டின் மூலையிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி, கீழே அலமாரியின் செங்குத்துப் பலகை இருக்கும் இடத்தில் வரட்டும். துணி துவைக்கும் இயந்திரத்தை மேடைக்கு அடியில் வைப்பது இங்கே சாதாரணம். அந்த 60 சென்டிமீட்டர் இடைவெளியில் கல்லுக்குக் கீழே எதுவும் இல்லை, அத்துடன் இயந்திரத்தின் அதிர்வும் உண்டு. இரு பக்கமும் தாங்கு பலகையும், பின்சுவரில் ஒரு சட்டமும் கொடுத்து, இணைப்பை அங்கிருந்து விலக்குங்கள். உயரத்திலும் ஒரு பொறி இருக்கிறது. மேடை 880 மில்லிமீட்டர் உயரம், கல் 15 என்றால் உள்ளே 865 இருக்கும். முன்விளிம்பு 40 இறங்கினால் வாசலில் 840தான். 845 உயர இயந்திரம் உள்ளே நிற்கும், ஆனால் வாசலில் நுழையாது.

அலமாரிகள் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் கல் இரண்டு மூன்று புள்ளிகளில் மட்டும் உட்காரும். பொருத்துபவர் 2 மீட்டர் மட்டப்பலகை வைத்துப் பார்த்து, பள்ளத்துக்கு ஆப்பு கொடுத்த பிறகே கல்லை இறக்க வேண்டும். சுவரை ஒட்டி 2, 3 மில்லிமீட்டர் விட்டுச் சிலிக்கோனால் நிரப்ப வேண்டும். சூட்டில் 3 மீட்டர் மேடை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நீளக்கூடியது. சிமெண்டால் இறுக்கி அடைத்தால் நீள இடமில்லாமல் எங்காவது உந்தும். இடிகல்லில் மிளகு இடிப்பதும் தேங்காய் உடைப்பதும் ஓட்டைகளிலிருந்து விலகி, கீழே செங்குத்துப் பலகை உள்ள இடத்தில், மடித்த துணிமேல் நடக்கட்டும். கிரைண்டரின் எடையைப் பற்றிக் கவலை வேண்டாம். அதைத் தூக்கி வைக்கும்போது விளிம்பில் இடிப்பதுதான் சில்லு போகக் காரணம்.

வரிசையும் முக்கியம். ஹாப்பையும் சிங்கையும் முதலில் வாங்குங்கள். அலமாரி பொருத்தி முடிந்த பிறகுதான் மேடைக்கு அளவெடுக்க வேண்டும். வரைபடத்தைப் பார்த்து வெட்டிய கல், நேராக இல்லாத சமையலறைச் சுவரில் ஒரு பக்கம் இடித்து மறுபக்கம் விரல் நுழையும் இடைவெளி விடும். அளவெடுக்கும் நாளில் பொருள்களே கையில் இருக்கட்டும். சிற்றேட்டிலுள்ள வெட்டு அளவும் வந்திறங்கும் மாடலும் சில நேரம் ஒத்துப்போவதில்லை.

தூசி

குவார்ட்ஸை உலர் நிலையில் அறுக்கும்போது எழும் தூசியில் படிக சிலிக்கா நிறைந்திருக்கிறது. கருங்கல்லிலும் சிலிக்கா உண்டு, ஆனால் வழக்கமான குவார்ட்ஸ் பலகையில் அது 90 விழுக்காட்டை ஒட்டியது. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் நுரையீரலின் ஆழத்துக்குப் போய்த் தழும்பேற்படுத்தும். சிலிக்கோசிஸ் என்ற இந்த நோயை மாற்ற மருந்து இல்லை. சிங்கப்பூருக்கு இது புதிதுமில்லை. கருங்கல் சுரங்கங்கள் இயங்கிய காலத்தில் அங்கு வேலை செய்தவர்களைத் தாக்கிய நோய்தான். குவார்ட்ஸ் அறுப்பவர்களுக்கு இளம் வயதிலேயே வரத் தொடங்கியதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லைத் தயாரிக்க, விற்க, வெட்ட, பொருத்தத் தடை விதித்தது. உலகில் அப்படிச் செய்த முதல் நாடு அதுதான். தடைக்குப் பின் சிலிக்காவை 40 விழுக்காட்டுக்கும் கீழே குறைத்து, மறுசுழற்சிக் கண்ணாடியும் வேறு கனிமங்களும் சேர்த்த பலகைகள் பெருகிவருகின்றன. உங்கள் பட்டியலில் அப்படி ஒன்று இருந்தால் அதையே முதலில் பாருங்கள்.

பொருத்தி முடித்த மேடையால் வீட்டில் இருப்பவருக்கு ஆபத்தில்லை. ஆபத்து அறுப்பவருக்கு. அவர் நம் ஊர்க்காரராகவும் இருக்கலாம். நீங்கள் செய்யக்கூடியது இருக்கிறது. சிங்க், ஹாப், குழாய்த் துளை எல்லாம் பட்டறையிலேயே, தண்ணீர் ஊற்றி அறுக்கும் இயந்திரத்தில் வெட்டப்பட்டு வர வேண்டும் என்று விலைப்புள்ளியில் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்குள்ளோ தாழ்வாரத்திலோ உலர் கிரைண்டரால் அறுப்பதை ஏற்காதீர்கள். சரியாக அளவெடுத்திருந்தால் தளத்தில் அறுக்க வேண்டிய தேவை மிகக் குறைவு. சிறு திருத்தம் வந்தே தீர்ந்தால் தண்ணீர் தெளித்தபடி, தூசி உறிஞ்சியோடு, பொருத்தமான முகக்கவசத்தோடு நடக்கட்டும். வீவக வீடுகளில் சத்தமெழுப்பும் வேலைக்கு வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி என்பதையும் மறக்க வேண்டாம். பிறகு தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். பெருக்கினால் தூசி மீண்டும் காற்றில் எழும்.

பொருத்தும் நாள்

குத்தகையாளர் வீவகவின் பதிவுபெற்ற புதுப்பிப்புக் குத்தகையாளர் பட்டியலில் இருக்கிறாரா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே பாருங்கள். கல் வந்திறங்கியதும் பின்பக்கத்தைப் பாருங்கள். பெயர்பெற்ற நிறுவனங்களின் பலகையில் பெரும்பாலும் பெயரும் தொகுதி எண்ணும் அச்சாகியிருக்கும். புகைப்படம் எடுத்து வையுங்கள். பின்னால் உத்தரவாதம் கேட்கும்போது உதவும். உத்தரவாதம் தயாரிப்புக் குறைக்குத்தான். சூட்டால் வந்த விரிசல், இடித்துப் போன சில்லு, மோசமான பொருத்துதல் ஆகியவை பொதுவாக அதில் அடங்காது. பொருத்துதலுக்கு எத்தனை மாதம் யார் பொறுப்பு என்பது குத்தகையாளரிடம் தனியாக எழுதி வாங்க வேண்டியது.

மேடை உட்கார்ந்த பிறகு சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி டார்ச்சை மேடைமேல் படுக்கவைத்தபடி நகர்த்துங்கள். மயிரிழை விரிசலும், மெருகு விட்ட இடமும், இணைப்பில் ஏறி இறங்கிய மட்டமும் அந்தச் சாய்ந்த ஒளியில் தெரியும். இணைப்பின் குறுக்கே நகத்தை ஓட்டினால் தட்டக்கூடாது. சிங்கில் தண்ணீர் நிரப்பி அரை மணி விட்டு, கீழே அலமாரிக்குள் காகிதத் துண்டால் சுற்றிலும் ஒற்றிப் பாருங்கள். சிலிக்கோன் இறுக ஒரு நாளாவது ஆகும் என்பதால் இந்தச் சோதனையை மறுநாள் செய்யுங்கள், கடைசித் தவணையையும் அதற்குப் பிறகே கொடுங்கள்.